பெயர் மாற்றும் செலவு

சேக்காட்டில் வாடகை வீட்டில் இருந்த பாஸ்கலுக்கு வேலை கிடைத்துவிட்டது, துப்பாக்கிதான் கிடைக்கவில்லை. பட்டாளத்தில் பதினேழு வருஷம் சர்க்கார் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு வந்த மனுஷன். இப்போது சொந்தத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு வா, அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம் என்றது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. சம்பளப் பணத்தை வங்கியிலிருந்து ஏற்றிவரும் வேனில் உட்கார அவர்களுக்கு ஆள் வேண்டும். ஆளோடு துப்பாக்கியும் லைசென்ஸும் வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. ஆவடியைச் சுற்றிப் பென்ஷனை வைத்துக்கொண்டு வேலை தேடிய மாஜி சிப்பாய்களை வரிசையில் நிறுத்தினால் ஒரு பட்டாலியன் தேறும். கம்பெனிக்காரனுக்கு என்ன கவலை?

லைசென்ஸுக்கே பாஸ்கல் பதினான்கு மாதம் நாயாய் அலைந்தான். கிடைத்த லைசென்ஸில் ஒரு வரி இருந்தது. ஜூன் முப்பதுக்குள் துப்பாக்கி வாங்கி அதன் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் செல்லாது. கம்பெனி கொடுத்த கெடுவும் அதே ஜூன் முப்பதுதான். புதுத் துப்பாக்கியின் விலையைக் கேட்டுவிட்டு, கடைப்படியை இறங்கிய வேகத்தில் பஸ் ஏறிவிட்டான். அவனுடைய பென்ஷன் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளின் மற்ற செலவெல்லாம் மனைவி ஞானகுமாரி ஜாக்கெட் தைத்துச் சேர்ப்பதில் ஓடியது.

குமணன்சாவடியில் ஹில்டா என்ற விதவையிடம் ஒரு பழைய துப்பாக்கி இருப்பதாகக் கோயிலில் யாரோ சொன்னார்கள். அவள் புருஷன் ஜோசப்ராஜ் ஒரு வங்கியில் வாசலில் துப்பாக்கியோடு நின்றவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம். லைசென்ஸ்காரர் செத்துப்போனால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால், ஹில்டா அதை மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் மாத வாடகைக்கு ஒப்படைத்திருந்தாள். பாஸ்கல் போய்ப் பேசினான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஐயாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்துவிட்டது. பென்ஷனோடு மொத்தமாக வந்த பணத்தில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

மார்ச் மாதம் இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். கடையின் குமாஸ்தா பரந்தாமன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பதினெட்டு மாத வாடகைப் பாக்கி, பெயர் மாற்றும் கட்டணம், மனு எழுதும் செலவு, எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு. "இது யாரு கட்டறீங்க?" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ குடித்தபோது இந்தப் பேச்சே வரவில்லையே!

"இது இன்னா கேள்வி?" என்றாள் ஹில்டா. "நெலம் வாங்குனா பத்திரச் செலவு யாரு குடுக்கறா? வாங்கறவன் தானே? வண்டி வாங்குனா பேரு மாத்தற காசு யாரு குடுக்கறா? நீங்களே சொல்லுங்க தம்பி."

பாஸ்கல் வாய் திறந்தான். திறக்காமல் இருந்திருக்கலாம். "பட்டாளத்துல அப்டி இல்லக்கா. ஸ்டோர் சாவியைக் குடுக்கறவன் பழைய பாக்கி எல்லாத்தையும் தீத்துட்டுத்தான் குடுப்பான். வாங்கறவன் சுத்தமா வாங்கிக் கையெழுத்துப் போடுவான். உங்க ஊட்டுக்காரரு துப்பாக்கிக்கு வாடகை நான் ஏன் கட்டணும்?"

"செத்தவர ஏன் இழுக்கறீங்க?" என்று முகம் சிவந்து கேட்டாள் ஹில்டா. ஆளுக்குப் பாதி போடுங்களேன் என்றார் பரந்தாமன். தன் தலையில் விழவேண்டாத செலவில் பாதிதான் எதற்கு என்று இருவருமே சொன்னார்கள். அந்த ஒன்றில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் வினையாய்ப் போயிற்று. ஒருவர் பேச்சு அபத்தமாக இருந்திருந்தால் மற்றவர் சிரித்துவிட்டுக் கட்டியிருப்பார்.

ஹில்டா முன்னால் இறங்கிப் போனதும் பாஸ்கல் பரந்தாமனிடம் தணிந்த குரலில் சொன்னான். "சார், என் லைசென்ஸ்ல கெடு ஜூன் முப்பதுன்னு கீது, பாத்தீங்க இல்ல? அந்தம்மா காதுல போட்டுடாதீங்க. எனக்கு அவசரம்னு தெரிஞ்சா ஏறி உக்காந்துக்கும்." பரந்தாமன் சரி என்று தலையாட்டினார். நல்ல மனுஷர், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றக்கூடியவர்.

ஏப்ரலில் இரண்டு முறை, மே மாதத்தில் ஒரு முறை பாஸ்கல் குமணன்சாவடிக்குப் போனான். ஏதோ அந்தப் பக்கம் வந்தவன் எட்டிப்பார்த்த மாதிரி, அவசரமே இல்லாதவன் மாதிரி உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசினான். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, வேற ரெண்டு எடத்துலயும் சொல்லி வெச்சிக்கினு கீறேன்" என்று வாய் கூசாமல் புளுகினான். "எனக்கும் ஒண்ணும் இல்ல தம்பி, அது பாட்டுக்குக் கடையில கெடக்குது" என்றாள் அவள். ஹில்டாவின் மகள் நர்சிங் படிப்புக்கு மனு போட்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் வந்தது. பணம் தேவைப்படுகிற வீடு, தானே இறங்கி வரும் என்று பாஸ்கல் கணக்குப் போட்டான். இப்படிக் கணக்குப் போடுகிறோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஞானகுமாரிதான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டாள். "குட்த்துத் தொலைய்யா. வேலைக்கிப் போனா ரெண்டு மாசத்துல எட்த்துடலாம். உன் பட்டாளத்து ரூல்ஸ அந்தம்மாகிட்ட போயி பேசிக்கினு கீறியே!"

"ஆயிரத்து நூறு ரூபா சும்மாவா வருது? இரு, அந்தம்மாவே சொல்லி அனுப்பும் பாரு."

ஜூன் முதல் வாரத்தில் அவனுக்கே பயம் பிடித்தது. அடுத்த வீட்டில் இருந்த, பாக்டரிக்குப் போகிற உத்தமனிடம் ஆயிரத்து நூறு கைமாற்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்டானே ஒழியப் போகவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், இவ்வளவு நாள் பொறுத்தோம், இன்னும் இரண்டே நாள். இப்படியே பத்து நாளை ஓட்டினான். பதினாறாம் தேதி காலையில் ஞானகுமாரி சட்டையைக் கையில் கொடுத்து, பணத்தைப் பையில் திணித்து, வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டாள்.

பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். மனசு லேசாக இருந்தது. தோற்றது நாமாகவே இருக்கட்டும், முதல் மாதச் சம்பளத்தில் உத்தமன் கடனில் பாதி அடைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

கதவைத் திறந்த ஹில்டாவின் கண் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நேத்து எட்த்துகினு பூட்டாங்க தம்பி."

"இன்னாக்கா? யாரு?"

அவள் ஒரு சர்க்கார் கடிதத்தை நீட்டினாள். இறந்துபோன லைசென்ஸ்காரரின் வாரிசு, ஜூன் பதினான்காம் தேதிக்குள் ஆயுதத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற மனுப்போட வேண்டும். தவறினால் ஆயுதம் அரசுடைமை. கடிதத்தின் தேதி பிப்ரவரி. பதினைந்தாம் தேதி போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விலை என்று ஒரு காசு கிடையாது. கலெக்டர் ஆபீஸில் போய் அழுதாளாம். மனு வேண்டுமானால் போடு, வருஷக் கணக்கில் ஆகும் என்றார்களாம்.

பாஸ்கல் அவள் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். "பிப்ரவரிலயே தெரியுமா? ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா கெடு வந்துடுச்சேன்னு வெலைய அடிப்பீங்கன்னு பயந்தேன். பரந்தாமன் சார் கிட்டகூட, உங்க காதுல போட வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்துப் பிரித்து, அந்தத் தேதியை அவளுக்குக் காட்டினான். ஹில்டா படித்தாள். திரும்பவும் படித்தாள். இரண்டு பேருடைய ரகசியத்தையும் பரந்தாமன் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

"இன்னைக்கி காசோடதான் வந்தேங்க்கா. முழுசா நானே கட்டிடலாம்னு" என்று சொன்னான் பாஸ்கல். எதற்காகச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஹில்டா எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து அவன் எதிரில் மேசையில் வைத்தாள். "எண்ணிப் பாருங்க. ஆயிரத்து நூறு கீது. வளையல மார்வாடி கடையில வெச்சி மூணாந்தேதியே வாங்கிட்டேன். இன்னொரு வாட்டி நீங்க வந்து கேட்டா, சரி போங்கன்னு குட்த்துடலாம்னு இருந்தேன். நானா எப்டி உங்க ஊடு தேடி வர்றது, சொல்லுங்க?"

அவன் எண்ணிப் பார்க்கவில்லை. உறையை அவள் பக்கமே தள்ளிவைத்தான். நர்சிங் சீட்டுக்குப் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அவள் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. அவளைத் திட்டிவிட்டாவது போகலாம் என்று பார்த்தான். திட்டுவதற்கு என்ன இருந்தது?

சேக்காட்டுக்கு அவன் திரும்பியபோது ஞானகுமாரி வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும், "இன்னாய்யா ஆச்சு?" என்றாள்.

"அந்தம்மா சர்க்காருக்கே வுட்டுட்ச்சி" என்றான். "கெடு கீதுன்னு கடைசி வரிக்கும் சொல்லவே இல்ல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஞானகுமாரி அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு, அந்தக் குடும்பம் விளங்குமா, அவள் பெற்ற மகள் நன்றாக இருப்பாளா என்று மண்ணை வாரித் தூற்றினாள். அக்கம்பக்கத்தில் எட்டிப்பார்த்தார்கள். பாஸ்கல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவளை ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கவில்லை.