மரம் முகம் கழுவுது

என் ஆய்வுத் தலைப்பை நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவருக்குத் தேநீர் ஆறிவிடும். சித்தாந்த மோதலில் இலக்கியமும் அனைத்துலக உறவுகளும் ஒன்றையொன்று எப்படி வடிவமைத்தன என்பதே அதன் சுருக்கம். குனோங் ராபாட்டில் குமுதா அக்காவிடம் போய் உட்கார்ந்த முதல் நாள், வெள்ளையர் ஆட்சியின் அவசரகாலத்தில் ரப்பர் தோட்டங்களில் கொடுத்த நோட்டீஸ்களைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என் மேற்பார்வையாளருக்கு அது புரிய ஒன்றரை வருடம் ஆனது.

என் கோப்பில் இரண்டு நோட்டீஸ்கள் இருந்தன. இரண்டும் ஒரு பக்கக் கதைகள். ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகள், கைக்குக் கை கொடுத்தது. வெள்ளைக்காரனை எதிர்த்து நில் என்று முடியும். மற்றது ஐம்பத்திரண்டு ஆகஸ்டில் அரசாங்கம் விமானத்திலிருந்து வீசியது. காட்டுக்குப் போன பால்மரத் தொழிலாளி ஒருவன் மனம் மாறிச் சரணடைகிறான். காட்டுக் கதையை எழுதியவர் குமுதா அக்காவின் அப்பா அர்ச்சுனன், சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவராக, இருந்தவர். அவர் கையெழுத்துப் பிரதி இந்த வீட்டில்தான் கிடைத்தது. அரசாங்கக் கதையை எழுதியவர் யாரென்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கோலாலம்பூரில் ஏதோ அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த ஆள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அதற்குச் சான்றாக அந்தக் கதையிலிருந்து ஒரு வரியை எடுத்து அரைப் பக்கத்துக்குக் கிண்டல் செய்திருந்தேன். 'மரம் முகம் கழுவுது, இன்னிக்கு வேலை இல்லை.' எந்தத் தோட்டத்தில் எவன் இப்படிப் பேசுவான் என்று கேட்டிருந்தேன். மூன்றாம் அத்தியாயமே அந்தக் கேள்வியின் மேல்தான் நின்றது.

அர்ச்சுனன் பெயரில் சிலிபினில் ஒரு வாசிப்பறை ஞாயிற்றுக்கிழமை திறக்கப்பட இருந்தது. குமுதா அக்காவின் அண்ணன் தனேஸ்வரன் மூன்று வருடம் அலைந்து ஏற்பாடு செய்தது. பேச்சு என்னுடையது. கல்வெட்டின் கடைசி வரியும் என்னுடையதுதான்: 'வெள்ளையருக்காக ஒரு வரியும் எழுதாதவர்.' தனேஸ்வரன் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பேச்சைப் படித்துக்காட்டப் போயிருந்தேன். தனேஸ்வரன் கல்வெட்டை எடுத்துவரக் கடைக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குச் சுண்ணாம்பு மலை மறைந்து மழை இறங்கியது. குமுதா அக்கா கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னார்.

"மரம் மொகம் கழுவுது டீச்சர். அண்ணே நனைஞ்சுகிட்டுத்தான் வருவாரு."

வெளியே மரமே இல்லை. வரிசையாக வீடுகளும் நிறுத்தி வைத்த கார்களும்தான். நான் பேனாவைக் கீழே வைத்தேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, அதைத்தான் அப்பா அப்படிச் சொல்வார் என்றார். தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்களா என்று கேட்டேன்.

"இல்லலா. எங்க வீட்டுல மட்டுந்தான். மத்தவங்க கேட்டா சிரிப்பாங்க."

நான் அரைப் பக்கம் கிண்டல் செய்தது அர்ச்சுனனின் வரியை; கல்லில் வெட்டச் சொன்ன வரியும் பொய்யாகிவிட்டது. ஒளிப்பானேன், சந்தோஷமாகவும் இருந்தது. எழுபது வருடமாகப் பெயரில்லாமல் கிடந்த ஓர் ஆள் அகப்பட்டுவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் எழுதிய ஒரே கை என்றால் எந்தப் பல்கலைக்கழகமும் திரும்பிப் பார்க்கும். கோப்பைத் திறந்து அரசாங்க நோட்டீஸை எடுத்து அவரிடம் நீட்டினேன். நீட்டாமல் இருந்திருக்கலாம் என்று அப்புறம்தான் தோன்றியது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"அண்ணே பொறந்தது இதுக்கு அடுத்த மாசம்" என்றார். "காட்டுக்காரங்களுக்கு ஒதவுனாருன்னு புடிச்சு வச்சிருந்த சித்தப்பாவ கேம்ப்புலேருந்து விட்டதும் அப்பதான். இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தப் பேரு எழுதியாச்சாம். எப்படி விட்டாங்கன்னு அம்மாவுக்கே கடைசி வரைக்கும் தெரியாது."

தனேஸ்வரனைத் தோளில் தூக்கி வளர்த்தது அந்தச் சித்தப்பாதான் என்று முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது அதைத் திரும்பச் சொல்லவில்லை. தம்பியை விடுவிக்க அப்பா இதை எழுதினார் என்று புத்தகத்தில் போடுவீர்களா என்று கேட்டார். போட்டால்தான் அத்தியாயம் நிற்கும் என்றேன். அது உண்மை. அவர் தலையாட்டினார். சம்மதமா இல்லையா என்று அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

வாசலில் கார் சத்தம். குமுதா அக்கா நோட்டீஸை மடித்து, அள்ளி வந்த துணிகளுக்கு நடுவே வைத்தார். தனேஸ்வரன் முழுக்க நனைந்து, கல்லைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவரோரம் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"நல்லா வெட்டியிருக்காங்க அண்ணே" என்றேன்.

அவர் சட்டை மாற்ற உள்ளே போனார். குமுதா அக்கா ஒரு துண்டை எடுத்துவந்து கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்பாவின் பெயரைத் துடைத்தார், வருடங்களைத் துடைத்தார். கடைசி வரியை இரண்டு தடவை அழுத்தித் துடைத்தார். கல் காய்ந்துவிட்டது. அந்த வரியின் எழுத்துகளுக்குள் மட்டும் மழைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.