ஆறு காலிக் குழிகள்

பிஸ்கட் தொழிற்சாலையில் இருபது வருடமாக என் வேலை, ஓடும் பெல்ட்டில் வரும் பிஸ்கட் தட்டில் காலிக் குழி இருந்தால் கை நீட்டி நிரப்புவது.

என் மனைவிக்குச் சொரியாசிஸ். முழங்கையும் முதுகும் செதில் செதிலாக உரியும். புது மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, ஏழு நாளுக்கு ஏழு குழி உள்ள டப்பாவில், புதன்கிழமைக்கு மட்டும் போட்டு வைத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற ஆறு குழிகளையும் நிரப்பினேன்.

“வாரத்துக்கு ஒருநாள்தான்னு டாக்டர் சொன்னாருங்க.”

“ஒருநாள் போட்டா எந்தக் காலத்துல குணமாகும்? பேசாம தினம் போடு.”

“சரி, நீங்க சொன்னா சரிதான்” என்று சிரித்தாள்.

இரண்டாவது வாரம் அவள் வாயெல்லாம் புண். உடம்புச் சூடு என்று அதற்கும் நானே வைத்தியம் சொன்னேன். நான் என்ன டாக்டரா? பிஸ்கட் அடுக்குகிறவன். காய்ச்சலும் வந்த பிறகுதான் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மருந்தைத் தினமும் தின்றால் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுவிடுமாம். நான்காம் நாள் போய்விட்டாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, தட்டில் ஒரு குழி காலியாக வந்தது. கை எழவில்லை. அது என்னைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.