கை பத்தாதுங்களா?

கிழக்கு வெளுக்கும் முன்பே கல் உருளையை இழுக்கத் தொடங்கினோம். இரவு மழையில் பெருமாட்டி ஊரின் கரிசல் மண் ஊறிக் கிடந்தது. வடம் எங்கள் தோளைப் பிய்த்தது. தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்துப் போட்ட ஓடுபாதை அது. மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் முதலாளி சோமசுந்தரம், ஊர் சனமெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் கொச்சிக்குச் சொந்த விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். கால் தரையில் பட்டால் தேய்ந்துவிடுமாம்.

அந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலும் அக்குமுலேட்டர் என்று தலா ஒரு எஃகு டப்பா உண்டு. பறக்கும்போது ஓர் எஞ்சின் நின்றால் அதன் விசிறித் தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பிவிடுவார்கள். மறுபடி அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பி எஞ்சினைக் கிளப்ப, டப்பாவில் அடைத்த வாயு எண்ணெயைத் தள்ள வேண்டும். அடைக்க வேண்டியது நைட்ரஜன்.

போன வாரம் ஒரு டப்பாவில் வாயு இறங்கிவிட்டது. நைட்ரஜன் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், இரண்டு நாளாகும் என்றார் மெக்கானிக் ஏசுதாஸ்.

“கேஸுன்னா எல்லாம் கேஸுதான். வெல்டிங் கடை ஆக்சிஜனை அடைங்கடா” என்றார் முதலாளி.

எண்ணெயில் ஆக்சிஜன் பட்டால் வெடிக்கும் என்று ஏசுதாஸ் தடுத்தார். முதலாளி அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சிரித்துவிட்டு, எங்களில் ஒருவனான மாரப்பனைக் கூப்பிட்டார். மாரப்பன் மேசைமேல் டப்பாவை வைத்து, சிலிண்டர் குழாயை அதில் மாட்டி வால்வைத் திறந்தான். வெடித்தது. அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாரப்பன் பீடி பற்றவைத்ததால்தான் வெடித்தது, நட்டஈடு கிடையாது என்று சொல்லியனுப்பினார். மாரப்பன் பீடியே குடிப்பதில்லை. இந்த மனிதருக்குப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை.

புது டப்பா வந்து பொருத்தியாயிற்று. அதுவும் காலிதான். நைட்ரஜனுக்கு முதலாளி இன்னும் ஆளனுப்பவில்லை. இன்று காலை வெள்ளைச் செருப்போடு காரிலிருந்து இறங்கியவர், எங்களோடு நின்ற பொங்கியண்ணனுக்கு அதே ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டினார்.

“பொங்கியண்ணா, நீ அடை.”

மாரப்பனின் மனைவி பூவாத்தாள் எங்களோடு வடம் இழுத்துக்கொண்டிருந்தாள். வடத்தைப் போட்டுவிட்டுச் சிலிண்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு கை பத்தாதுங்களா?”

“கூலிக்கு வந்தவளாட்ட இரு. இல்லைன்னா நடையைக் கட்டு.”

பொங்கியண்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். “என்னால ஆகாதுங்க.”

“தொலையட்டும், காலியாவே பறக்கறேன். தள்ளுங்கடா!”

விமானத்தின் சக்கரங்கள் மழைச் சேற்றில் இறங்கியிருந்தன. நாங்கள் யாரும் நகரவில்லை.

“பீடின்னு சொன்னது பொய்யின்னு எங்க முன்னால சொல்லுங்க. நட்டஈடு குடுங்க. அப்பறம் தள்றோமுங்க” என்றாள் பூவாத்தாள்.

முதலாளியும் டிரைவரும் ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்துத் தள்ளினார்கள். விமானம் அசையவில்லை. முதலாளி காலைத் தூக்கினார், செருப்பு வரவில்லை. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மறையூர் ஆளுகளை இறக்கறேன் பாரு!” என்று ஒற்றைச் செருப்போடு காரில் ஏறினார். டிரைவர் விமானத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்து காரை எடுத்தான்.

சொன்னபடியே சாயங்காலம் தோட்டத்து லாரி வந்தது. பின்னாலேயே அவர் காரும். லாரியிலிருந்து முதலில் குதித்தவள் கொழுந்து கிள்ளும் சுருளியம்மாள். சேற்றில் நின்ற விமானத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

“இதத் தள்ளவா எங்கள இம்புட்டுத் தூரம் ஏத்தியாந்தாக? நீங்க ஏந்தாயி தள்ளல?”

பூவாத்தாள் நடந்ததைச் சொன்னாள். சுருளியம்மாள் கேட்டு முடித்துவிட்டு, லாரியில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் எறங்குங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பொறக்காம நாம இதத் தொடப்படாது.”

அவர்கள் இறங்கி எங்களோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலாளி காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். போலீஸ் வரும் என்று டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனான். வந்தால் வரட்டும் என்றார் ஏசுதாஸ்.

மறுபடி மழை பிடித்தது. ஒதுங்க அங்கே ஒரு மரமில்லை. இருந்ததையெல்லாம் முதலாளிதான் வெட்டிவிட்டாரே. பொங்கியண்ணன் எழுந்துபோய் விமானத்தைப் போர்த்தியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தான். ஒரு முனையைச் சுருளியம்மாளும் மறு முனையைப் பூவாத்தாளும் பிடிக்க, எல்லோரும் அதற்குள் நெருங்கி உட்கார்ந்தோம்.

விமானம் நனைந்துகொண்டிருந்தது.