வாசலில் நின்ற கோஹென்கள்

கல்லறைத் தோட்டத்து வாசல் வந்ததும் கோஹென்கள் எல்லாரும் வழக்கம்போல நின்றுவிட்டார்கள். பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேர் மட்டும் உள்ளே போனார்கள். நால்வரும் வேறு குடும்பப் பெயர்க்காரர்கள். பின்னாலேயே அத்தையோடு சிமி போனாள். அவளும் கோஹென்தான், ஆனால் தடை ஆண்களுக்கு மட்டும்தான்.

கோஹென் என்றால் யூதர்களில் பூசாரி வம்சம். பூசாரி பிணத்துக்கு அருகே போகக் கூடாது. மனைவி, பெற்றவர்கள், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்றால் மட்டும் போகலாம். சிமியின் கொள்ளுத்தாத்தா மொராக்கோவிலிருந்து ரப்பர் வாங்க பெரு நாட்டு இக்கிட்டோஸுக்கு வந்தவர். ஆற்றோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கடை போட்டார், கூடவே ஒரு குடும்பமும். ரப்பர் விலை விழுந்ததும் அவர் கப்பலேறிப் போய்விட்டார். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது படகோட்டி கோஹென், மீன்காரன் கோஹென், மாதா கோவிலில் மணியடிப்பவனும் கோஹென். லிமாவிலிருந்து ஒருமுறை வந்த மதகுரு, "உங்க கொள்ளுப்பாட்டிங்க யாருமே யூதப் பொம்பளை இல்ல. யூதம் தாய்வழியாத்தான் வரும். சட்டப்படி நீங்க பூசாரியே இல்லப்பா, தாராளமா உள்ள போங்க" என்று தலைகீழாக நின்று பார்த்தார். "அதை அவர் லிமாவுல போய்ச் சொல்லட்டும்" என்றார் சிமியின் அப்பா மொய்செஸ். அதோடு சரி. ஊரில் எந்தச் சாவு என்றாலும் வெயிலில் குடையோடு வாசலில் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். இன்று பெட்டிக்குள் போய்விட்டார்.

சிமிக்குக் கால் வலித்தது. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. அப்பாவைத் தூக்கி, திருப்பி, துடைத்து, கஞ்சி கொடுத்து, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் போயிருந்தது.

காலையில் வீட்டில், அப்பாவின் தங்கை அலெக்ரியா அத்தை துக்க வழக்கப்படி பிளேடு எடுத்து சிமியின் மேல்சட்டையை நெஞ்சருகில் கீறிவிட்டாள். பெற்றவர்கள் செத்தால் இடது பக்கம், மற்ற நெருங்கிய உறவுக்கு வலது பக்கம். தன்னுடையதை அத்தை வலது பக்கம் கீறிக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்று லெயோன்சியோ அதைப் பார்த்தான். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

லெயோன்சியோவுக்கு ஐம்பது வயது. ஆற்றோர நாவுத்தாவில் அப்பா கல்யாணத்துக்கு முன் கடை வைத்திருந்தபோது, அவருக்குத் துணி துவைத்தவளின் மகன். வருஷம் ஒருமுறை கருவாட்டோடு படகில் வருவான், பின்வாசல் வழியாக. அப்பாவும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் வாழைக்காய் தின்பார்கள். கேட்பவர்களிடம் அத்தை, "அந்தப் பக்கத்துக் கோஹென். தூரத்துச் சொந்தம்" என்பாள். சிமிக்குப் பதினாலு வயதிலேயே உண்மை தெரியும். கடைசி வாரம் அவன் வந்து அப்பாவின் கால் நகங்களை வெட்டிவிட்டான். ஒரு கால் முடிந்ததும் அப்பா, "மத்த காலு" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

பெட்டி குழிக்குள் இறங்கியது. குழியருகே காத்திருந்த, பிரார்த்தனை சொல்லும் கிழவர் பென்சக்கேன் மண்வெட்டியை மண்ணில் ஊன்றி வைத்தார்.

"முதல் மண்ணு மகன் போடணும். ஹைமே எங்கம்மா?"

"இஸ்ரேல்ல இருக்கான். வியாழக்கிழமைதான் வர முடியுமாம்" என்றாள் சிமி.

"நீங்களே போடுங்க பெரியவரே. மழை வேற வருது" என்றாள் அத்தை.

சிமி மண்வெட்டியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவள் திரும்பி நடந்தாள்.

"எங்கடி போற?"

"வாசலுக்கு."

அத்தைக்குப் புரிந்துவிட்டது. "ஊரே அங்க நிக்குது, சிமி. அவனைக் கூப்பிட்டா என்ன அர்த்தம்னு ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். உங்கப்பன் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"இனிமே மறைக்கத் தெம்பில்ல அத்தை."

வாசலில் வேர்க்கடலை பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. "பெரியப்பா உள்ள இருந்தே பாத்துட்டிருப்பாரு, எவன் காலை உள்ள வெக்கறான்னு" என்று சித்தப்பா மகன் வில்தேர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். லெயோன்சியோ கொஞ்சம் தள்ளி நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் குடை. ஷூ நுனி வாசல் கோட்டுக்கு வெளியே இருந்தது.

இதுவரை அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"அண்ணா, உள்ள வா."

கடலை மெல்லும் சத்தம் நின்றது.

"நானா?"

"அப்பாவுக்கு நீ மண்ணு போடணும்."

"வேணாம் சிமி. அவர் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல."

"நான் சொல்றேன். வா."

வில்தேர் தொப்பியைக் கழற்றினான். பிறகு லெயோன்சியோவின் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டான். லெயோன்சியோ கோட்டைத் தாண்டினான். அவன் ஒவ்வொரு அடியையும் தரையைப் பார்த்து வைப்பதைக் கண்டு சிமிக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

குழிக்குப் பத்தடி முன்னால் அத்தை வழியை மறித்து நின்றாள். லெயோன்சியோ திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தான். அத்தை அவனைப் பார்க்காமல் கைப்பையைத் திறந்து துழாவினாள். வெகுநேரம் துழாவினாள்.

"இன்னும் குனி. எட்டல."

குனிந்தான்.

"புதுச் சட்டையா?"

"ஆமாம்மா. நேத்துதான் வாங்கினேன்."

"வீணாப்போச்சு போ" என்றாள் அத்தை. அவனுடைய இடது பக்கத்தில் துணியைப் பிடித்துப் பிளேடால் ஒரு கீறு கீறினாள். அழுத்தமான துணி, லேசில் கிழியவில்லை. பிளேடைச் சிமியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இழுத்தாள்.