குருவித் தீனிக் கஞ்சி

நாவுல என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம்; அங்கே அண்ணன் முறையில் எல்லாரும் நாநா என்று கூப்பிடும் மஹ்ரூப் நாநாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். எழுபத்துநான்காம் ஆண்டு வயல் முழுக்கப் புதிய குட்டை நெல்லை விதைத்துவிட்டு, வரம்பில் நின்று மனைவியைக் கேலி செய்தார். ஸுபைதாவோ மேட்டு நிலத்தில் குரக்கன் என்ற கேழ்வரகு, தினை, பயறு, மரவள்ளி, பூசணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நட்டிருந்தாள்.

"நெல்லு இரிக்கக்குள்ள இந்தக் குருவித் தீனி என்னத்துக்கு?"

"மழை ஒங்கட பேச்சக் கேட்டுத்தான் பெய்யுமா?" என்றாள் அவள்.

மழை யார் பேச்சையும் கேட்கவில்லை. ஒரே இனம், ஒரே நாளில் விதைத்தது. கதிர் வரும் நேரத்தில் நெல் மொத்தமாகக் கருகியது; மேட்டு நிலத்துப் பயிர் மட்டும் தாக்குப்பிடித்தது. கடையிலும் அரிசி இல்லை. அந்த நேரம் பார்த்து நோன்பு வந்தது. எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வீட்டுக்கு வீடு முறை. முறை தவறிய வீட்டை ஊர் லேசில் விடாது. நாநாவின் முறை வந்தபோது அவர் வீட்டில் ஒரு பிடி நெல் இல்லை.

ஸுபைதா குரக்கன் பானையைத் திறந்தாள். பள்ளிவாசலின் பெரிய கிடாரத்துக்கு அது காணாது. நாநாவின் கை அடுப்புக்கு மேலே தொங்கிய விதைப் பானைக்குப் போனது.

"அதுல கை வெச்சீங்கண்டா வார வருசம் முழுக்க ஊருக்கே நோன்புதான்!"

கையை இழுத்துக்கொண்டார். அவள் தினையைக் கொட்டினாள், பயறைக் கொட்டினாள், மரவள்ளியும் பூசணியும் வெட்டிப் போட்டாள். கிடாரம் நிறைந்தது. ஆனால் கஞ்சி சேற்று நிறம்.

"வெளக்கக் கொஞ்சம் தணிச்சி வைங்களேன்," என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஜுனைதீனிடம் நாநா கெஞ்சினார், கஞ்சியின் நிறம் தெரியக் கூடாதென்று. ஜுனைதீனோ திரியை இன்னும் தூண்டிவிட்டார். எனக்கு நாநாவின் மேல் இரக்கம் வந்தது. சிரிப்பு அதைவிட அதிகமாக வந்தது.

நோன்பு திறந்து முதல் வாய் குடித்த எங்கள் ஊர் ரவூப், கோப்பையை மறுபடி நீட்டினார். "இதுல என்ன போட்டீங்க?"

"எங்கட குருவித் தீனி!" என்றார் நாநா, நெஞ்சை நிமிர்த்தி.

முதல் மழை விழுந்ததும் ஊரே தேங்காய்ச் சிரட்டையோடு ஸுபைதாவின் வாசலில் விதைக்கு நின்றது. நாநா வீட்டுக்குள்ளிருந்தே சிரட்டையை நீட்டினார்.

"வரிசையில நில்லுங்க," என்றாள் ஸுபைதா.

எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் சிரட்டையை நிரப்பிய ஸுபைதா அவரைப் பார்த்தாள். "எங்க வெதைக்க?"

"மேல் வயல்ல. நெல்லு கீழ் வயல்ல மட்டும்."

பாதிச் சிரட்டைதான் போட்டாள்.

"மிச்சம்?"

"குருவிக்கு."