நாலு டிகிரி

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் மெக்கானிக் ஜெகதீஸ்வரனுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு பெயர் உண்டு. லாரிக்கடியில் மல்லாந்து படுத்தாரென்றால் கோளாறைக் கண்டுபிடிக்காமல் எழ மாட்டார். அந்தப் பெயர் அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது, அதுதான் வம்பு.

அவருடைய பழைய அம்பாசடரை மைத்துனன் கண்ணுசாமி கேட்டிருந்தான். ஜேடர்பாளையத்தில் அவன் பெரியக்கா மகளுக்குத் தாய்மாமன் சீர். அண்டா, குத்துவிளக்கு, தட்டுவரிசை, போதாததற்கு ஆறு பேர். பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிடக் கூடாதென்று, லாரிக்குச் செய்வதுபோல் பின் ஸ்பிரிங் இரண்டிலும் ஒவ்வொரு பட்டை கூட்டிப் போட்டார் ஜெகதீஸ்வரன். கார் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டிப் பார்த்தபோது அறுபதைத் தொட்டதும் அடியில் ஒரு முனகல்.

முதலில் சொன்னது பதினொரு வயது மகள் தமிழினி. பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் அடியில் ஓடும் மேட்டின்மேல் கால்களை வைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

“உள்ளங்கால் கூசுதுங்கப்பா.”

“அப்பன் இருக்கறப்ப வண்டிக்கு நீ வைத்தியம் பாக்கறயா? வாய மூடிட்டு உக்காரு” என்று சீறினார். பிள்ளையின் முகம் சுருங்கியதை அவர் கவனிக்கவில்லை.

ஆனால் காரணம் அவருக்குத் தெரியும். முன்னால் கியர்பாக்ஸும் பின் அச்சின் நடுவிலுள்ள கிரவுனும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்டின் இரு முனை மூட்டுகளிலுள்ள கிராஸ்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பட்டை கூட்டியதில் சாய்வு கெட்டிருக்கிறது.

மறுநாள் வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றி, சட்டத்துக்கடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தினார். அடியில் நுழைந்து, செல்போனில் சாய்வு காட்டும் செயலியைத் திறந்து, அதை ஒவ்வொரு இடமாக ஒட்டவைத்துப் பார்த்தார். கியர்பாக்ஸ் மூன்று. கிரவுன் ஏழு. நாலு டிகிரி வித்தியாசம். சந்தேகத்துக்கு மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் அதே நாலு. லேத்தில் நாலு டிகிரிக்கு ஆப்புத் தகடு கடைந்து வாங்கி ஸ்பிரிங்கடியில் வைத்து முறுக்கினார். தெருமுனை வரை ஓட்டியதில் முனகல் இல்லை. தெருவில் முப்பதுக்கு மேல் போக முடியாது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை சீர் கிளம்பியது. கண்ணுசாமி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மனைவி சத்யபிரியா முன்னால் ஏறினாள். தமிழினி தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏனுங்க, நீங்க எப்ப வாரீங்க?”

“ரிக்கு மத்தியானம் ஒடிசா கெளம்புது. அத அனுப்பிப்போட்டு பைக்குல வாரேன்.”

பட்டறையில் ரிக் லாரிக்கடியில் படுத்தார். தலைக்கு மேலே ஷாஃப்ட். பக்கத்தில், இத்தனை டன் எடையில் நசுங்கித் தட்டையாகக் கிடந்த ஸ்பிரிங். இருபது வருஷமாகப் பார்க்கும் காட்சிதான். இன்றைக்கென்னவோ அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. லாரிக்கு ஜாக்கி தேவையில்லை, அது தரையில் நிற்கும்போதே அடியில் நுழையலாம். எடை சக்கரத்தின்மேல்தான் இருக்கும். கார்?

அளந்தபோது காரின் பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. தொங்கிய ஸ்பிரிங்கில் கிரவுனும் திரும்பியிருக்கும். அவர் அளந்த நாலு டிகிரி தரையில் நிற்கும் காருக்கு இல்லை, அங்கே இருந்தது முனகும் அளவுக்குச் சின்னக் கோணல்தான். அதற்கு நாலு டிகிரி ஆப்பு வைத்து, பெரிய கோணலாக்கி, அதில் அண்டாவையும் ஆறு பேரையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் எங்கே அடிக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சத்யபிரியாவின் போன் அடித்து ஓய்ந்தது. கண்ணுசாமியின் போனும் அப்படியே. பட்டறை முதலாளி கூப்பிடக் கூப்பிட பைக்கை எடுத்தார். சோழசிராமணி வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் தாரில் புதிதாக ஒரு கீறல் தொடங்கியது. போகப் போக ஆழமாகிக்கொண்டே போனது. அதைப் பார்க்காமலும் ஓட்ட முடியவில்லை, பார்த்துக்கொண்டும் ஓட்ட முடியவில்லை.

கார் புளியமரத்தருகே சாய்ந்து நின்றது. கண்ணுசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். சத்யபிரியா இருந்தாள். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஜெகதீஸ்வரன் பின்கதவைத் திறந்தார். மேடு கிழிந்து, ஷாஃப்ட் முனை உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்கடியில் தமிழினியின் செருப்பு, இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

“அப்பா” என்று மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள், வெறுங்காலோடு.

அப்படியே மண்டியிட்டு அந்த இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். ஒரு கீறல்கூட இல்லை.

“ரொம்பக் கூசுச்சுங்கப்பா. அதான் செருப்பக் கழட்டிப்போட்டு, கால மடக்கிச் சீட்டு மேல வெச்சுக்கிட்டேன்” என்றாள்.

“மாமன்கிட்டச் சொல்லி நிறுத்தியிருக்கலாமே சாமி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னா நீங்க திட்டுவீங்கல்ல.”