வெர்னா எரிக்காத கடிதங்கள்

சிற்பி வெர்னா ஹோல்ம் இறந்து இரண்டு வருடம் கழித்து, அவளுடைய காகிதங்களைக் கல்லூரி நூலகத்தில் எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கோராவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஏப்ரல் மாதத்தில், மகள் ஜோனைக் கார் ஓட்டச் சொல்லிக் கிளம்பி வந்துவிட்டாள். கருங்கல் செதுக்கி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கே பெயர் வாங்கித் தந்தவள் அவளுடைய தோழி. ஜோனுக்கு ஞானத்தாயும் அவள்தான்.

ஜோன் காரை நிறுத்தப் போயிருந்தபோது, நூலகக் காப்பாளர் மர்சியா ஒரு சாம்பல்நிறப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இது முழுக்க நீங்க எழுதின கடிதங்கதான், மேடம்."

கோரா மூடியைத் திறந்து பார்த்தாள். "அதையெல்லாம் எரிச்சுட்டதா சொன்னாளே."

படித்த கையோடு அடுப்பில் போட்டுவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னவள் வெர்னா. அதை நம்பித்தான், ஜோன் பிறந்த வருடத்தில், புருஷனிடம்கூடச் சொல்லாததை எல்லாம் கோரா எழுதினாள். குழந்தை அழுதால் தொழுவத்தில் போய் நின்றுகொள்வதையும், இது எனக்கு வேண்டாம் என்று தோன்றுவதையும்.

"இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"முடியாது மேடம். எழுத்து உங்களோடது, காகிதம் நூலகத்தோடது. அச்சுல போடணும்னாதான் உங்களைக் கேட்கணும்."

"யாரும் படிக்காம மூடியாவது வைங்களேன்."

மர்சியா தயங்கினாள். "மூட வேண்டியதையெல்லாம் வெர்னாவே உட்கார்ந்து பிரிச்சுக் குடுத்தாங்க. அவங்க டைரி, அவங்களுக்கு வந்த காதல் கடிதம் எல்லாம் ஐம்பது வருஷத்துக்குத் திறக்க முடியாது."

"என்னோடது?"

"நானே கேட்டேன் மேடம். 'கோரா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா'ன்னாங்க."

யாராவது படித்தார்களா என்று கோரா கேட்டாள். வெர்னாவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒருவர் போன வாரம்தான் பாஸ்டனிலிருந்து வந்து படித்துவிட்டுப் போனாராம்.

ஜோன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "என்னம்மா, உன்னைப் பத்தி ஏதாவது இருக்கா?"

கோரா பெட்டியை மூடிவிட்டு அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த வருடத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இப்ப ஏன் சொல்றே?" என்றாள் ஜோன் கடைசியில்.

"நீ அதை அந்த மேசையில படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாதுடி."

ஜோன் எழுந்து தனியாக உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, கடிதங்களைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"உனக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்மா. அது எனக்குப் புரியுது. ஆனா அவங்க? இதையெல்லாம் பத்திரமா வச்சுக்கிட்டேதான் வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு வந்து கேக் வெட்டினாங்களா?"

இறந்தவளிடம் போய்ச் சண்டை போட வழியில்லை.

ஜூனில் வெர்னாவுக்கு விழா எடுத்தார்கள். பழைய தோழி என்று கோராவைப் பேசக் கூப்பிட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லிவிடலாம் என ஜோன் யோசனை சொன்னாள்.

"எதுக்கு? வரமாட்டேன்னே சொல்லு" என்றாள் கோரா.